திருநந்தவனத் திருத்தொண்டு



மேற்கே கொல்லிமலையும் கிழக்கே பச்சைமலையும் காவல் நிற்க, சுவேத நதியின் கரையில் அமைந்திருப்பது நம் தம்மம்பட்டி. சுவேதம் என்னும் வடசொல்லுக்கு வெண்மை என்பது பொருள். கொல்லிமலையிற் பிறந்து நம் ஊர் வழியே செல்லும் இந்நதி, கிழக்கே சென்று வசிட்ட நதியோடு கூடி வெள்ளாறு என்னும் பெயர் பெறுகின்றது. அவ்வெள்ளாற்றையே திருஞானசம்பந்தப் பெருமான் நிவா என்று பாடினார். அவர் முத்துச்சிவிகை பெற்ற திருநெல்வாயில் அரத்துறை அதன் கரையிலுள்ளது. மெய்கண்ட தேவர் தோன்றியருளிய பெண்ணாகடமும் அதற்கு அண்மையிலுள்ளது. பின்னர் அவ்யாறு தில்லைக்கு வடபால் ஓடிப் பரங்கிப்பேட்டையருகே கடலிற் கலக்கின்றது. ஆகவே நாம் சைவப் பெருநெறியின் ஆற்றுத் தலைப்பில் வாழ்கின்றோம் என்று சொல்லுவதில் மிகையில்லை.

இத்தகைய ஊரில் கூடியிருக்கும் அன்பர்களிடம், திருவிழாவின் ஆரவாரத்துக்கிடையே நம் கண்ணிற்படாத தொண்டு ஒன்றைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன். அதுவே திருநந்தவனத் தொண்டு. இறைவன் திருமேனியில் இன்று நாம் காணும் மாலை எங்கே பூத்தது, யார் நீர் வார்க்கப் பூத்தது என்று எண்ணிப் பார்த்தோமா? பெரும்பாலும் அது பூக்கடையில் வாங்கியது. நம் சேலம் மாவட்டத்தில் பனமரத்துப்பட்டிப் பகுதியின் அரளித் தோட்டங்கள் பேர் பெற்றவை. அங்குப் பாடுபடும் உழவர் வாழ்க. ஆயினும் கோயிற்கென்றே கோயிலின் அருகே பூத்த மலர் ஒன்றேனும் இல்லாத ஆலயங்கள் பெருகிவிட்டன. முன்பு மலர்ந்த இடங்களில் முள்ளும் புதரும் மண்டிக் கிடக்கின்றன. இக்குறை எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு தீரும் என்பதே இன்றைய பொருள்.

சாத்திரம் காட்டும் இடம்

நந்தவனம் அமைப்பது பொழுதுபோக்கன்று. அது வழிபாட்டின் ஓர் அங்கம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்வகை நெறிகளுள் முதலாவதாகிய சரியையைத் தாசமார்க்கம் என்பர். மெய்கண்டாரின் மாணவராகிய அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் இந்நெறிக்கு இலக்கணம் வகுத்தார். திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்தல், மாலை தொடுத்தல், இறைவனைப் பாடுதல், திருவிளக்கிடுதல் ஆகியவற்றோடு திருநந்தவனம் செய்தலையும் அவர் அந்நெறியுள் வைத்தார். இதன் பயன் சாலோகம் என்னும் முத்தி. வேதாகமங்களைக் கற்றார்க்கும் கல்லார்க்கும், செல்வர்க்கும் வறியார்க்கும் ஒப்பத் திறந்திருக்கும் வாயில் இது. மண்வெட்டி பிடிக்கும் கையும் நீர்க்குடம் சுமக்கும் தோளும் போதும்.

எம்மலர் எப்பொழுதுக்கு உரியது என்பதையும் நம் முன்னோர் ஆராய்ந்தனர். கமலை ஞானப்பிரகாசர் 16-ஆம் நூற்றாண்டில் இதற்கென்றே புட்பவிதி என்னும் நூலை இயற்றினார். புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்னும் எட்டும் அட்டபுட்பம் எனப் போற்றப்படும். இவ்வெட்டனுள் வெள்ளெருக்கு யாரும் நடாமலே தரிசு நிலத்தில் முளைப்பது. அலரியோ வறட்சிக்கு அஞ்சாதது. அரியனவற்றோடு எளியனவற்றையும் ஏற்றுக்கொள்ளும் பெருமானுக்கு மலர் வளர்க்க, செழிப்பான நிலம் இல்லையே என்று நாம் ஏங்க வேண்டுவதில்லை.

நாயன்மார் காட்டிய வழி

பெரியபுராணத்துள் மலர்த்தொண்டின் பெருமையை உணர்த்தும் வரலாறுகள் பல. திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் பொழுது புலருமுன் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்னும் நால்வகை மலரையும் வெவ்வேறு கூடைகளிற் கொய்து, வகைவகையாக மாலை தொடுத்து வர்த்தமானீச்சரத்துப் பெருமானுக்குச் சாத்தி வந்தார். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அவருடைய திருமடத்தில் எழுந்தருளியிருந்தனர் என்றால் அத்தொண்டின் உயர்வுக்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் கொங்கு நாட்டுக் கருவூரில் சிவகாமியாண்டார் என்னும் முதியவர் பூக்கூடை சுமந்து வருகையில், புகழ்ச்சோழ மன்னரின் பட்டத்து யானை அதனைப் பறித்துச் சிந்தியது. எறிபத்த நாயனார் அந்த யானையையும் உடன்வந்த பாகர் முதலியோரையும் வெட்டி வீழ்த்தினார். செய்தியறிந்து வந்த மன்னரோ, தம் ஆளுகையில் நேர்ந்த பிழைக்குத் தம்மையும் வெட்டுமாறு வாளை நீட்டினார். ஒரு கூடைப் பூவை ஓர் அரசின் பெருமைக்கும் மேலாக மதித்த காலம் அது. திருவாரூரில் கண்ணொளி இல்லாத தண்டியடிகள், குளத்துள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவித் தடவிச் சென்று மண்ணெடுத்துத் திருக்குளத்தைத் தூர்வாரினார். நீர் இன்றி நந்தவனம் இல்லை. எனவே அவர் தொண்டும் மலர்த்தொண்டுக்கு மூலமாவதே.

இவர்கள் யாவரும் தாம் செய்த தொண்டால் உயர்ந்தோர். பிறரைத் தொண்டராக்கி உயர்ந்தவர் ஒருவர் உளர். சீகாழிப் பதியில் தோன்றிய கணநாத நாயனாரே அவர். அவருடைய வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் மிகச் சில பாடல்களிலேயே உரைத்தருளினார். அதனால் அவரை நாம் அடிக்கடி நினைப்பதில்லை போலும். திருத்தோணியில் வீற்றிருக்கும் பெருமானுக்குத் தொண்டு செய்ய விரும்பி வந்தோரையெல்லாம் அவர் வரவேற்றார். அவரவர்க்கு இயைந்த பணியில் அவரவரைப் பயிற்றினார். நந்தவனத்தைப் பேணுவோர், மலர் பறிப்போர், மாலை புனைவோர், திருமஞ்சன நீர் கொணர்வோர், இரவும் பகலும் அலகிடுவோர், மெழுகுவோர், விளக்கேற்றுவோர், திருமுறை எழுதுவோர், அதனை வாசிப்போர் எனப் பல திறத்தினரை அவர் உருவாக்கினார். இறுதியில் திருக்கயிலையில் கணங்களுக்குத் தலைவராம் பேற்றைப் பெற்றார்.

இவ்வரிசையை ஊன்றி நோக்குங்கள். நந்தவனம் பேணுவோர் வேறு, மலர் பறிப்போர் வேறு, தொடுப்போர் வேறு. எல்லாரும் எல்லாவற்றையும் செய்யப் புகுந்து இளைப்படையவில்லை. ஒருவரே அனைத்தையும் தம் தோளில் ஏற்றுக்கொண்டு, அவர் ஓய்ந்தபோது பணியும் ஓய்ந்தது என்ற நிலையும் இல்லை. தொண்டை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கையளிக்கும் முறையைக் கணநாதர் கண்டார். இன்று தன்னார்வத் தொண்டர் குழு என்று நாம் பேசுவதன் இலக்கணம் முழுவதும் அப்பெருமான் வரலாற்றுள் அடங்கியுள்ளது.

கல்வெட்டுகள் கூறும் செய்தி

புராணத்தினின்றும் வரலாற்றுக்கு வருவோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனம், திருநந்தவனப்புறம், திருப்பள்ளித்தாமம் என்னும் சொற்கள் மிகுதியாகப் பயில்கின்றன. நந்தவனத்தைப் பேணுதற்கென விடப்பட்ட நிலம் திருநந்தவனப்புறம். இறைவனுக்குச் சாத்தும் மாலை திருப்பள்ளித்தாமம். ஒரு தோட்டம் அமைப்பதற்கு நிலம் மட்டும் கொடுத்தால் போதாது, அதில் உழைப்போர்க்கு உணவும் உடையும் வேண்டும் என்பதை அன்றைய கொடையாளர் உணர்ந்திருந்தனர். ஆதலின் உழைப்போர்க்கும் நிலமோ நெல்லோ ஏற்படுத்திக் கல்லில் வெட்டுவித்தனர். முதற்குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகியோர் காலத்துப் படைத்தலைவனாகிய மணவிற்கூத்தன் என்னும் நரலோக வீரன், தில்லையில் மண்டபமும் மதிலும் எடுத்ததோடு நந்தவனமும் அமைத்தான். தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதுவித்த அதே கை மலர்ச்செடிக்கும் இடம் தேடியது. திருவாரூரில் கோயிலும் குளமும் பரந்திருப்பது போலவே, தியாகேசப் பெருமானுக்குரிய செங்கழுநீர் மலர்க்கென ஓடை ஒன்றும் அமைந்திருந்தது.

ஆறகழூரைத் தலைநகராகக் கொண்டு வாணகோவரையர் ஆண்ட மகதை மண்டலமும், அறப்பள்ளியைத் தன்னகத்தே கொண்ட கொல்லிமலையும் சூழ்ந்த நம் பகுதியிலும் சிவாலயங்கள் செழித்திருந்தன. கொங்கு நாட்டுப் பதிகளை நோக்கினால், கொடுமுடியில் வன்னி, பவானியில் இலந்தை எனத் தலமரங்கள் இன்றும் வணங்கப்பெறுகின்றன. மரத்தை மரமாகக் காணாது இறைவனின் இருப்பாகக் கண்ட நெறி நம்முடையது.

அத்தனை கொடைகள் இருந்தும் நந்தவனங்கள் வாடியது ஏன்? காரணங்கள் பல. அரசுகள் மாறின, கல்லில் வெட்டிய ஆணையை நிறைவேற்றும் சபைகள் மறைந்தன. பிற்காலத்தில் பூப்பண்டாரம் முதலியோர் மானிய நிலத்தின் விளைவை உண்டு மாலை கட்டி வந்தனர். 1963-ஆம் ஆண்டில் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பெற்று, மானிய நிலங்கள் இரயத்துவாரி முறைக்கு மாற்றப்பட்டன. நிலச் சீர்திருத்தத்துக்குரிய நியாயங்கள் அச்சட்டத்துக்கு இருந்தன. ஆயினும் நிலத்துக்கும் கோயில் ஊழியத்துக்கும் இருந்த பழைய பிணைப்பு பல இடங்களில் தளர்ந்தது. ஊழியம் செய்த குடும்பங்கள் பிழைப்புத் தேடி வேறு தொழிலுக்குச் சென்றன. அவர்களைக் குறை கூறல் அறமன்று. பசித்த வயிற்றோடு யார்தாம் நெடுநாள் பூத்தொடுக்க இயலும்? ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் நிலத்தடி நீர் தாழ்ந்து, கோயிற் கிணறுகளும் வற்றின. சந்தையில் பூ எளிதாகக் கிடைத்தது. தேவை நீங்கியது போன்ற தோற்றம் உண்டாகவே, கவலையும் நீங்கியது.

இங்கே நாம் தெளிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. நிலமும் பொன்னும் ஒரு நந்தவனத்தைத் தொடங்கி வைக்கும். அதனை நாளும் உயிரோடு வைப்பது நாள்தோறும் வரும் கைகளே. கொடையைக் கல்லில் வெட்டலாம். நாளைக் காலை நீர் வார்க்க வேண்டியவரைக் கல்லில் வெட்ட இயலாது. அவரை மனிதர் நடுவேதான் உருவாக்க வேண்டும். கணநாதர் செய்தது அதுவே.

மீண்டும் தளிர்த்த இடங்கள்

வாடியது தளிர்க்குமா என்று ஐயுறுவோர்க்குத் திருவண்ணாமலை விடை தருகின்றது. 25 ஏக்கர் அளவுக்குப் பரந்த அண்ணாமலையார் திருக்கோயிலின் மதில்களுக்கிடையே வெறுமையாய்க் கிடந்த நிலப்பரப்பு இருந்தது. மலையோ மரமிழந்து மொட்டையாய் நின்றது. 1980-களின் இறுதியில், அங்குத் தங்கி வழிபட்டு வந்த வெளிநாட்டு அடியவரும் உள்ளூர் அன்பரும் கூடிச் சங்கம் ஒன்றை அமைத்தனர். கோயில் மதில்களுக்குள் கிடந்த அத்தரிசு பெரியதொரு மரக்கன்று நாற்றங்காலாயிற்று. அங்கு வளர்ந்த கன்றுகள் மலைச்சரிவில் நடப்பெற்றன. பின்வந்த ஆண்டுகளில் வேறு குழுவினரும் அப்பணியை ஏற்றனர். கோடையில் காய்ந்த புல்லில் தீப்பற்றி இளங்கன்றுகளை அழிப்பது பெருந்தொல்லையாயிற்று. ஆகவே அவர்கள் ஆண்டுதோறும் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை அமைத்தனர்; தீ எழுந்தபோது மலையேறிச் சென்று அணைத்தனர். நட்டவர் ஒருவர், நீர் வார்த்தவர் ஒருவர், தீயணைத்தவர் இன்னொருவர். இன்று கிரிவலம் வருவோர் காணும் பசுமையில் இவர்கள் அனைவருடைய வியர்வையும் கலந்துள்ளது.

இவ்வுண்மை நம் சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரின் நெருக்கடியான பகுதி ஒன்றில், 1973-ஆம் ஆண்டு லிஸ் கிறிஸ்டி என்னும் பெண்மணி அண்டை அயலாரைச் சேர்த்துக்கொண்டு, குப்பை குவிந்த காலிமனை ஒன்றைத் துப்புரவு செய்து தோட்டமாக்கினார். மறு ஆண்டு நகராட்சி அம்மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களுக்கு அளித்தது. அவ்வம்மையார் 1985-இல் மறைந்தார். தோட்டம் மறையவில்லை. அவர் பெயரைத் தாங்கி, அடுத்தடுத்து வந்த தொண்டர்களின் கையால் அது தொடர்ந்து தழைத்தது. அங்கே வழிபாட்டு நோக்கம் இல்லை. ஆயினும் கணநாதர் கண்ட விதி அங்கும் மெய்யாயிற்று: தொடங்கியவரோடு முடிந்துபோகாத தொண்டே நிலைபெறும்.

நம் மாநிலத்தில் இந்து சமய அறநிலையத்துறை 2021-ஆம் ஆண்டில் திருக்கோயில்களில் ஒரு லட்சம் மரக்கன்றுகள் நடும் திட்டத்தை அறிவித்தது. நல்ல செயல். ஆனால் கன்றை நடுதல் ஒரு நாட்பணி. அது வேர்கொள்ளும் வரை காத்தல் மூன்று கோடைகளின் பணி. துறை கன்றைத் தரலாம். கோடையில் குடம் தூக்கி வரவேண்டியவர் அவ்வூர் அன்பரே.

நாம் செய்யத் தக்கது

இனி, நம் ஊருக்கு வருவோம். தம்மம்பட்டி என்றவுடன் வெளியூரார் நினைப்பது மரச்சிற்பத்தை. தெய்வத் திருவுருவங்களை மரத்தில் வடிக்கும் நம் கலைஞரின் கைத்திறன் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. வாகை முதலிய மரங்களில் உளி கொண்டு இறைவனைக் காணும் ஊரார், மண்ணில் மண்வெட்டி கொண்டும் அவனைக் காண வல்லவரே. ஒரு மரத்தைச் செதுக்கும் கை ஒரு மரத்தை நடவும் வேண்டும் என்பது நம் ஊருக்குச் சிறப்பாகப் பொருந்தும் அறம்.

நந்தவனம் அமைக்கப் பெருநிலம் வேண்டுவதில்லை. மதிலோரத்தில் ஒரு பாத்தி போதும். முதலாண்டில் வறட்சி தாங்கும் வில்வம், கொன்றை, செவ்வரளி, நந்தியாவட்டை, பவழமல்லி ஆகியவற்றை வைக்கலாம். அரளி நஞ்சுடையது; ஆடு மாடும் சிறுகுழந்தையும் அணுகாத பக்கத்தில் அதனை வைத்தல் வேண்டும். நீர் நிலைபெற்றபின் முல்லை, மல்லிகை, செம்பருத்தி, மருக்கொழுந்து என விரிக்கலாம். நாகலிங்க மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் பூவின் வடிவில் சிவலிங்கத்தைக் கண்டு நம்மவர் அதனையும் கோயிலுக்கு உரியதாக்கினர். அன்போடு வருவதை ஏற்பதே நந்தவனத்தின் இயல்பு.

இறைவன்மேல் சாத்திக் களைந்த நிர்மாலிய மலர்கள் கால்படும் இடத்தில் விழலாகாது என்பது விதி. நந்தவனத்தின் ஒரு மூலையில் குழி எடுத்து அவற்றை இட்டு மண்ணால் மூடினால், விதியும் காக்கப்படும், செடிக்கும் உரமாகும். திருமஞ்சன நீர் வீணே சாக்கடையிற் சேராமல் பாத்திக்குச் செல்ல ஒரு சிறு வாய்க்கால் அமைக்கலாம். பழைய கோயில்கள் பலவற்றில் அபிடேக நீர் செடி கொடிக்குப் பாய்ந்ததை மூத்தோர் அறிவர்.

இவற்றினும் இன்றியமையாதது முறை வகுத்தல். ஏழு குடும்பங்கள் கிழமைக்கு ஒரு நாளாக ஏற்றால் ஒருவருக்கும் சுமையில்லை. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நூறு பேர் வருவர்; சித்திரை வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வருபவரே நந்தவனத்தை வாழ்விப்பவர். நீர் வார்ப்போர், களையெடுப்போர், பறிப்போர், தொடுப்போர் என்று பணி பிரிக்கப்படுதல் வேண்டும். ஒவ்வொரு மூத்த தொண்டரும் இளைஞர் ஒருவரையேனும் தம்மோடு அழைத்து வந்து பழக்குதல் வேண்டும். பள்ளிச் சிறார்க்கு ஒரு செடியைப் பெயரிட்டு ஒப்படைத்தால், அச்செடியைக் காண அவர்கள் தாமே வருவர். செடியைக் காண வந்த பிள்ளை ஒருநாள் சிவனையும் காணும்.

இன்னொன்றும் நெஞ்சிற் கொள்ளத்தக்கது. தொண்டர் வந்துவிட்டனர் என்பதற்காக, பரம்பரையாக மாலை கட்டும் எளியவரின் கூலியை நிறுத்துதல் ஆகாது. முன்னோர் கல்வெட்டில் உழைப்போர்க்கு நெல் வைத்த அறத்தை நாம் மறக்கலாகாது. தொண்டரின் கை அவருக்குத் துணையாகுக. அவர் பிழைப்புக்கு இடையூறு ஆகாதிருக்க. பறித்தற்கும் தொடுத்தற்கும் உரிய நுட்பங்களை நமக்குக் கற்பிக்கத் தக்க ஆசிரியரும் அவரே.

நந்தவனப் பணியில் மனத்தளர்ச்சி நேரும் காலங்கள் உண்டு. மழை பொய்க்கும்; ஆடு மேயும்; ஏற்றுக்கொண்டவர் வாராதொழிவர்; வைத்த பத்தில் ஆறு பட்டுப்போகும். அந்நாளில் தண்டியடிகளை நினையுங்கள். கண்ணில்லாத ஒருவர் கயிற்றைத் தடவிக்கொண்டு மண் சுமந்தார். அவர்க்கு இருந்தவை இரண்டு தறியும் ஒரு கயிறுமே. நமக்குக் கண் உண்டு; கூட்டம் உண்டு; கொல்லிமலையினின்று நீர் கொணரும் ஆறும் உண்டு. இல்லாதது ஒன்றே, அது நாளும் வருவேன் என்னும் உறுதி.

பங்குனித் திருவாதிரை கணநாத நாயனார் குருபூசை நாள். அந்நாளில் அப்பெருமானுக்கு நாம் செய்யும் சிறந்த வழிபாடு, புதிய தொண்டர் ஒருவர் கையில் ஒரு நீர்க்குடத்தைக் கொடுப்பதாகும். சுவேத நதிக் கரையில் நம் கையால் வளர்ந்த வில்வத்தின் இலையொன்று, நம்மில் யாரும் இல்லாத ஒரு காலத்தும் இறைவன் திருமுடியில் ஏறுமாயின், நாம் இங்குக் கூடியதன் பயன் அதுவே.

வாழ்க அடியார் கூட்டம்! தழைக்க திருநந்தவனத் தொண்டு!

திருச்சிற்றம்பலம்.